ஒரே டிஸ்கில் முட்டைக்கண்ணி

நீதிபதியின் உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்: குழந்தையை எடுத்த வீடியோ அத்தனையையும், ஒன்று விடாமல், டிஸ்கில் பதிந்து தாயிடம் கொடுக்க வேண்டும். எத்தனை டிஸ்க் என்று அதில் இல்லை. என் தம்பி அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஒரு முறைதான் படித்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

தம்பி பொண்டாட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற கையோடு காசநோய் என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள் மகராசி. குணமாகி அவள் திரும்புவதற்குள் பிள்ளை தவழ்ந்து, எழுந்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. "இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார் அண்ணி" என்று வாசலில் நின்று ஒரு சீட்டை நீட்டினாள். "சின்னப் புள்ள இருக்கற வீடு. கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுலயே இரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. அவள் வக்கீலைப் பிடித்துத்தான் கேட்டாள்.

கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டுமா? பால் புகட்டியது நான். பீ அள்ளியது நான். காய்ச்சலில் அனத்திய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து கால் வீங்கியது எனக்கு. தம்பியை ஆளாக்குவதிலேயே என் வயது போய்விட்டது, எனக்கென்று ஒரு கல்யாணம் அமையவில்லை. இந்தப் பிள்ளை வந்த பிறகுதான் அந்தக் குறை ஆறியது. முகத்தில் பாதி கண்ணாகவே பிறந்தவள். முட்டைக்கண்ணி என்று கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். அவள் என் பிள்ளை, இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

வீடியோ எடுத்ததும் நான்தான். கேமராவை வாங்கியவன் தம்பி. ஆனால் அவன் எடுத்தால் ஆளுக்குத் தலை இருக்காது. அதனால் அவள் கவிழ்ந்தது, பல் முளைத்தது, முதல் அடி வைத்தது, கொட்டிய மாவில் உட்கார்ந்து முகம் கழுவியது எல்லாம் என் கையால் எடுத்தவை. அதையெல்லாம் அப்படியே தூக்கிப் பெற்றவளிடம் கொடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு சோடாபுட்டியின் கடைக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற கடை. உள்ளே நுழையும்போது குனியாவிட்டால் நெற்றி வீங்கும். கண்ணாடி தடிமனாகப் போட்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மூடி கழற்றிய கம்ப்யூட்டர் ஒன்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பல் டாக்டர் சத்தத்துக்காகச் சண்டை போட்டதால் ஸ்பீக்கரைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தான்.

"அக்கா, இது முப்பது மணி நேரத்துக்கு மேல ஓடும். ஒரு டிஸ்குல ரெண்டு மணி நேரம்தான் நல்லா வரும். இழுத்துப் பிடிச்சா நாலு. நீங்க பத்துப் பதினஞ்சு டிஸ்க் வாங்கிக்கங்க."

"ஒண்ணுல போடு."

"ஒண்ணுலயா? ஆனைய டிபன் பாக்ஸ்ல வைக்கச் சொல்றீங்களே!"

"முடியுமா, முடியாதா?"

"முடியும். ஆனா படம் படமா இருக்காது. இடம் கொறஞ்சா மெஷின் ஒவ்வொண்ணா தூக்கி எறியும். மொதல்ல முடி போகும், புருவம் போகும். அப்புறம் பல்லு. அதுக்கும் மேல அமுக்கினா கண்ணு மூக்கு எல்லாம் சேந்து கட்டம் கட்டமாயிடும். யாருன்னே தெரியாது."

"ஒண்ணு போட்டுக் காட்டு."

முட்டைக்கண்ணி ஊஞ்சலில் சிரிக்கிற துண்டை அமுக்கிக் காட்டினான். மாநிறத்தில் சில கட்டங்கள் முன்னும் பின்னும் போய் வந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இரண்டு கட்டங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அந்த இரண்டையும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அமுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவன் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தான். "யாருக்குக்கா இது?"

"புள்ளையோட அம்மாவுக்கு. ஏன் இப்படின்னு யாராவது கேட்டா இடம் பத்தலைன்னு சொல்லு. அது பொய்யா?"

"பொய் இல்லதான்." சோடாபுட்டி எதிர்த்துப் பேசுகிற ஆள் கிடையாது. எதையோ தட்டி, மறுபடி அமுக்கினான். கறுப்புக் கட்டங்களும் கரைந்தன. "சத்தத்துல கை வைக்கலக்கா. அது பெருசா இடம் அடைக்காது."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். படம் ஒழிந்ததா என்பதில்தான் என் கண் இருந்தது.

வக்கீல் ஆபீஸில் வைத்துத் தம்பி பொண்டாட்டியிடம் டிஸ்க்கைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆள் தேறியிருந்தாள், கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

"எல்லாம் இருக்கா அண்ணி?"

"ஒண்ணு விடாம."

"மொதல்ல நடந்தது இருக்கா?"

"இருக்கு."

"பல்லு மொளச்சது?"

"அதுவும் இருக்கு. அவசரப்படாம உக்காந்து பொறுமையா பாரு" என்றேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

அடுத்த விசாரணைக்கு அவள் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏமாற்றிவிட்டார்களாம். எங்கள் வக்கீல் எழுந்து, உத்தரவில் ஒன்று விடாமல் என்றுதான் இருக்கிறது, ஒன்றையும் விடவில்லை, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். சக்கரம் வைத்த மேசையில் டிவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் கழற்றினார். "பாக்கத்தான் ஒண்ணுமில்ல. என்னதான் பேசறாங்கன்னு கேப்போம்" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"நான் யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"அத்தை."

"தப்பு. சரியா சொன்னாத்தான் பால். நான் யாரு?"

பிள்ளை அழுதது. கிண்ணத்தில் கரண்டி தட்டுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா."

"என் கண்ணு! அப்ப வாசல்ல வந்து நின்னாளே, அவ யாரு?"

"பேய்."

"பேய் வந்தா என்ன பண்ணுவோம்?"

"கதவ சாத்துவோம்!"

அதற்குப் பிறகு கைதட்டல். சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு அவள் ஓடிப் போய்க் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டுத் திரும்பி நின்று கைதட்டுகிற துண்டு அது. வீட்டில் அதை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறோம், தம்பியும் கூட உட்கார்ந்து சிரித்திருக்கிறான். அந்தக் கண்ணையும் அந்த ஓட்டத்தையும் பார்க்கிறவர்களுக்குப் பின்னாலிருந்து பேசுகிறவளின் குரல் எங்கே கேட்கும்? எனக்கே கேட்டதில்லை. படம் ஒழுங்காக இருந்திருந்தால் கோர்ட்டிலும் எல்லாரும் வாயெல்லாம் பல்லாகப் பார்த்திருப்பார்கள். பார்க்க எதுவும் இல்லாமல் செய்தது நான்தானே.

எங்கள் வக்கீல் குறுக்கே எழுந்தார். நீதிபதி கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டி உட்கார வைத்தார். துண்டுக்குத் துண்டு என் குரல்தான். கெஞ்சுகிறேன், மிரட்டுகிறேன், பாலை எடுத்துவிடுவேன் என்கிறேன், மறுபடி நான் யார் என்கிறேன். தம்பி பொண்டாட்டி அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை தாயிடம் போக வேண்டும் என்று தீர்ப்பானது. தகப்பன் போய்ப் பார்க்கலாம். அத்தை பிள்ளையின் பக்கத்திலேயே வரக்கூடாது, பேசக்கூடாது. எங்கள் வக்கீல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வளர்த்தவள், வீடியோவாவது பார்க்கட்டும் என்று கேட்டார். "மாசம் ஒரு டிஸ்க் குடுத்துடுங்கம்மா" என்று நீதிபதி அவளிடம் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

கூட்டிக்கொண்டு போக வந்த அன்றைக்கு முட்டைக்கண்ணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. பெற்றவளைப் பார்த்து "பேய்! பேய்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். எனக்கு உயிர் போனது. ஆனாலும் அவள் கத்தியது காதுக்கு இனிமையாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

இப்போது டிஸ்க் வருகிறது. நாள் தவறுவதில்லை. படம் அவ்வளவு சுத்தம். இமை முடியை எண்ணலாம், கன்னத்தில் ஒட்டிய பருக்கையைத் தொட்டு எடுக்கலாம் போல இருக்கும். சத்தம் மட்டும் கிடையாது. டிவியில்தான் கோளாறு என்று நினைத்து சோடாபுட்டியிடம் கொண்டு போனேன். ஹெட்போனை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தான்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குக்கா. சத்தத்த எடுத்துட்டுக் குடுத்திருக்காங்க."

"ஏன் எடுக்கணும்?"

"இடம் பத்தலையோ என்னவோ" என்றான். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

கடைசியாக வந்த டிஸ்கில் ஒரு துண்டு இருக்கிறது. முட்டைக்கண்ணி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீள்கிறது. கையில் என் போட்டோ, தம்பி கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்தது. யாரு என்று பெற்றவள் கேட்டிருப்பாள். பிள்ளை போட்டோவைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள்.

அத்தை என்றால் உதடு ஒட்டாது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் உதடு ஒட்டிப் பிரிகிறது. தம்பியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, "என்னடா சொல்றா?" என்று கேட்டேன். "எனக்கென்னக்கா தெரியும்" என்று எழுந்து போய்விட்டான். அவனுக்குத் தெரியும். வாரா வாரம் நேரில் போய் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிறவன் அவன்.

அந்த வார்த்தையைச் சொன்னதும் அவள் எழுந்து ஓடுகிறாள். கதவைத் தள்ளிச் சாத்துகிறாள். திரும்பி நின்று கைதட்டுகிறாள். நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டில் அந்தப் பாதகி எதையுமே மாற்றவில்லை, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறாள்.

முழுக்க ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இப்போதெல்லாம் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவள் உதடு ஒட்டிப் பிரிந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதுவரைக்கும் பார்த்தால் அம்மா என்றுதான் இருக்கிறது.