பட்டன் எழுப்பிவிட்ட ராஜா

"நான் நரம்பு புடைக்கப் பேசுறேன், உன் நாய் கொட்டாவி விடுது. ஜனம் யாரைப் பாத்து சிரிக்குது? அதைப் பாத்து." அம்புரோஸ் கத்தியது தேம்ஸின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

"நல்ல இடம் பாத்துத்தான் விடுது ஐயா," என்றான் பார்னபி. "நான் சொல்லிக் குடுக்கலை."

அம்புரோஸ் எங்கள் தென்கரை நாடகக் கொட்டகையின் ராஜா வேடக்காரர். வாரத்துக்கு நாலு தரம் சாவார். ஒவ்வொரு சாவுக்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். பார்னபி கோமாளி. அவன் கலை என்னவென்றால் ஒரு கயிறு, கயிற்றின் கோடியில் பட்டன் என்கிற நாய். தன் காதல் தோல்வியை அவன் அழுது சொல்வான். பட்டன் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டத்துக்கு அது போதும். பட்டன் இல்லாத பார்னபியைப் பார்த்து அவனைப் பெற்றவளே சிரிக்க மாட்டாள்.

கம்பெனிப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். இனி பட்டன் அம்புரோசுடன் மேடை ஏறும்: சாகிற ராஜாவின் காலடியில் விசுவாசமான நாய், ஊரே கதறும். பார்னபி நாயில்லாமல் சனிக்கிழமைக்குள் சிரிக்க வைக்க வேண்டும். முடியாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவன் நேரே சிசிலியின் கறிக்கடைக்குப் போய்ப் புலம்பினான். சிசிலி விதவை. மேடைக் கொலைகளுக்கு ஆட்டு ரத்தமும் ஈரலும் அவள் கடையிலிருந்துதான் போகும். நடிகர்கள் அதைச் சவ்வுப் பையில் அடைத்துச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு குத்து வாங்குவார்கள். நாடகத்துக்கு முன்னால் பட்டனுக்கு ஒரு சட்டி நுரையீரல் போடுவதும் அவள்தான்.

"உன் நாய் எங்கய்யா நடிக்குது? தின்னது செரிக்கப் படுத்திருக்கு," என்றாள். "வயிறு காஞ்சா அது வேற நாய். அந்த ஆளுகிட்டச் சொன்னியா?"

"சொல்லத்தான் போனேன். நடிப்பைப் பத்தி நீ எனக்குச் சொல்றியான்னு கேட்டாரு."

"அப்ப சொல்லாதே."

வியாழனும் வெள்ளியும் பார்னபி தனியாக மேடை ஏறினான். முதல் நாள் மௌனம். மறுநாள் ஆப்பிள் கொட்டை மூக்கில் வந்து விழுந்தது. "நாய் எங்கய்யா?" என்று ஒருத்தன் கேட்டான், அன்றைய சிரிப்பெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான்.

சனிக்கிழமை அம்புரோசின் முறை. முகத்தில் சோகம் தெரிய வேண்டுமென்று முந்தின நாளிலிருந்தே பட்டனைப் பட்டினி போட்டிருந்தார். உண்மையிலேயே சோகமாகத்தான் இருந்தது. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மேடை ஓரத்தில் நின்ற பார்னபி முடிவு கட்டிவிட்டான்; திங்கட்கிழமை முதல் மூட்டை சுமக்க வேண்டியதுதான்.

ராஜாவைக் குத்தினார்கள். சவ்வுப் பை கிழிந்து ரத்தம் பீறிட்டது. ராஜா சரிந்து தன் நீண்ட பேச்சைத் தொடங்கினார். பட்டன் மூக்கைத் தூக்கியது. எழுந்தது. சட்டைக்குள் தலையை விட்டு ஈரலைக் கவ்வி இழுத்தது.

"மக்களே, நான் சாகிறேன்," என்றார் ராஜா. பிறகு கீழ்க்குரலில், "விடுடா சனியனே."

அது விடவில்லை. செத்த ராஜா எழுந்து சிம்மாசனத்தைச் சுற்றி இரண்டு தரம் நாயைத் துரத்தினார். குத்தினவன் கத்தியோடு ஒதுங்கி வழிவிட்டான். பட்டன் மேடையின் முன்னால் வந்து படுத்து, ஈரலைத் தின்று முடித்து, கொட்டாவி விட்டது.

"இன்னொரு தரம் சாவுங்க ராஜா," என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "அதுக்கு இன்னும் பசி அடங்கலை."

திங்கட்கிழமை கயிறு பார்னபி கைக்குத் திரும்பியது. அம்புரோஸ் நாரிச் பக்கம் ஒரு ஊர்சுற்றும் கம்பெனியோடு போய்விட்டார். அங்கே சாவதற்கு முன்னால் ஆள் விட்டு நாய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாராம். மழைக்காலம் முடிவதற்குள் சிசிலி பார்னபியைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பிடித்தது பட்டனைத்தான், கயிற்றின் இந்த முனையில் இவனும் கூடவே வந்துவிட்டான் என்று எங்கள் தெருவில் பேச்சு. சிசிலியும் இல்லையென்று சொல்லவில்லை.