எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து

வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்தை என் கணவருக்கு என் அப்பா தினமும் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வை. ஷெட்ல மலையைப் புரட்டிட்டு வந்திருக்கார்" என்பார். இவரும் சிரித்தபடியே தட்டை நீட்டுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மலை என்றது அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. இளவயதில் அதை விரட்டோ விரட்டென்று விரட்டி இன்ஜினை வெடிக்க வைத்தவரும் அவர்தான். கல்யாணமான புதிதில் நான் தனிக்குடித்தனம் என்று வாயெடுத்தபோது, பாலத்துக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த தன் இன்னொரு சிறிய வீட்டைச் சொல்லி ஒரு நிபந்தனை போட்டார். "மாப்பிள்ளை மெக்கானிக்தானே? இந்தக் காருக்கு அதே ரக இன்ஜினை மாட்டி ஓட்டிக் காட்டட்டும். அன்னிக்கே சாவி." பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு இன்ஜினையும் அவரே வாங்கி வந்து ஷெட்டில் இறக்கினார்.

நாலு வருஷம் ஓடிவிட்டது, கார் ஓடவில்லை. இவர் அந்த இன்ஜினைப் பிரித்தார், கழுவினார், பூட்டினார், பச்சைப் பெயிண்ட் அடித்து ஸ்டாண்டில் ஏற்றி வைத்தார். காரில் மாட்டுவதுதான் பாக்கி. கேட்டால் ஒரு நாள் கார்பரேட்டர் என்பார், மறுநாள் கேஸ்கட் என்பார். பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய கார் சங்கத்தின் பரிசோதகரை நானே வரச் சொன்னேன். சரியான இன்ஜின்தான் என்று அவர் சொல்லிவிட்டால் அப்பா அப்புறம் நொட்டை சொல்ல முடியாது, இவரும் சாக்குச் சொல்ல முடியாது.

"யாரைக் கேட்டு வரச் சொன்ன?" இவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமே."

"ரெண்டு மாசத்துல அதுக்கு இறக்கையா முளைக்கப்போகுது?" என்றேன்.

பரிசோதகர் வீண் பேச்சு பேசாத மனிதர். தண்ணீர்கூட வேண்டாம் என்று நேராக ஷெட்டுக்குள் போய் மண்டியிட்டார். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்போல் உட்கார்ந்தார். இவர் சுவரோரமாக நின்று சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதே பிளாக்கைத்தான் இந்தக் காருக்கும் போட்டாங்க, சரக்கு வேனுக்கும் போட்டாங்க" என்றார் பரிசோதகர் என்னிடம். "வெளியே பாத்தா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். உள்ளே சமாச்சாரம் வேற. நம்பருக்கு முன்னாடி அடிச்சிருக்கிற எழுத்தை வச்சுத்தான் சொல்லணும். எஸ்ன்னா கார், வின்னா வேன்."

எண் உடனே கிடைத்தது. அதற்கு முன்னால் மழமழவென்று இருந்தது. அவர் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தார். பச்சை கரைந்து சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது.

"பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. நல்ல வேலைக்காரன்" என்று சொல்லி ஊசியால் சுரண்டினார். பட்டி உதிர்ந்தது. எழுத்து வந்தது. வி.

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"தெரிஞ்சேதானே வாங்கிப் போட்டீங்க? எழுத்தையும் மூடி வச்சு, இந்த மனுஷனை நாலு வருஷமா..."

"வேன் இன்ஜின்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். ஆனா நான் மூடலம்மா" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்தபடி. "பட்டி பூச எனக்கு எங்க வரும்? இறக்கினப்ப எழுத்து பளிச்சுன்னு இருந்துச்சு. மறுநாளே கண்டுபிடிச்சு என்கிட்ட சண்டைக்கு வருவார்னு காத்திருந்தேன். வரவே இல்ல. சரி, கண்ணு தெரியாத மெக்கானிக் போலன்னு விட்டுட்டேன்."

அந்த ஷெட்டில் பிரஷ்ஷைத் தொட்டவர் ஒரே ஒருவர்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று இவரைக் கேட்டேன்.

"கழுவின அன்னிக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மாமா வேற வாங்கித் தருவார். அதை மாட்டணும். அப்புறம் அங்க போகணும்." கையிலிருந்த துணியை மடித்தார். "இங்க நமக்கு என்ன கொறச்சல், சொல்லு?"

அப்பாவின் ஒவ்வொரு குத்தல் பேச்சுக்கும் இவருக்காகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா மீது வந்த கோபம்கூட அந்த இடத்தில் நிற்கவில்லை.

"சாவியைக் குடுங்கப்பா" என்று கையை நீட்டினேன்.

கார் ஓடட்டும் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்ஜின் மேல் வைத்தார்.

"இந்தா. உன்னை நான் எப்பவாவது பிடிச்சு வச்சேனா? அவர் வர்றாரான்னு கேட்டுக்கோ."

நான் திரும்பினேன். இவர் பரிசோதகரின் பக்கத்தில் குனிந்து, பட்டியை இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்தது எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.