பெரிய கிராணியின் மீன் தொட்டி

இதனால் சகல தொழிலாளர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நிப்பொன் ஆண்டு இரண்டாயிரத்து அறுநூற்று மூன்றில், இத்தோட்டத்தின் வரலாற்றிலேயே பொன்னான காரியம் ஒன்று தொடங்கவிருக்கிறது. துரை பங்களாவின் நடுக்கூடத்தில் மீன் வளர்க்கப்படும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் இதை வாசித்து முடித்த தலைமை எழுத்தர், பெரிய கிராணி தர்மலிங்கம், கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினார். யாரோ இருமினார்கள். எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் அரிசிச் சாக்கைத் துணியாகச் சுற்றியிருந்தார்கள். அந்தச் சாக்குகளில் அரிசி இருந்த காலம் மறந்து போயிருந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று முகம் வீங்கிய செல்லாயி, "எப்ப அறுத்துப் பங்கு போடுவாங்களாம்?" என்று பக்கத்தில் நின்ற மருதம்மாளைக் கேட்டாள்.

"இது திங்கற மீனில்லியாம். பாக்கற மீனாம்."

"பாத்தா பசி அடங்குமா?"

"பங்களாவுல இருந்து பாத்தா அடங்கும்போல."

மலாயாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரர்கள் நுழைந்ததும் வெள்ளைக்காரத் துரை நாயை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடியபோது, அவருடைய கட்டிலின் சூடு ஆறுவதற்குள் கிராணி பங்களாவில் குடியேறிவிட்டார். துரையின் மெத்தை, நாற்காலி, சுருட்டுப் பெட்டி எல்லாம் அவருக்குப் பொருந்தின. சப்பாத்து மட்டும் இரண்டு விரற்கடை பெரிதாக இருந்தது. முனையில் பஞ்சை அடைத்து அதையும் பொருத்திக்கொண்டார். ஆனால் பங்களாவின் மேல் வேறு சிலருக்கும் கண் இருந்தது. சுங்கைப்பட்டாணியிலிருக்கும் ஜப்பான் அதிகாரி மீன் வளர்ப்பில் பித்துள்ளவர் என்றும், சீக்கிரமே தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்றும் செய்தி வந்ததும் கிராணிக்கு வழி தெரிந்தது. கூடத்தில் தங்க மீன் நீந்துகிற வீட்டிலிருந்து ஒருவனை வெளியேற்ற எந்த ஜப்பான்காரனுக்கு மனம் வரும்?

துரைசாணி பூச்செடி வளர்த்த கண்ணாடிப் பெட்டி ஒன்று பின்கட்டில் கிடந்தது. ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். தண்ணீர் ஊற்றினால் நாலு மூலையிலும் ஒழுகியது. தாரைக் காய்ச்சிப் பூசி, அதன்மேல் ரப்பர் பாலைத் தடவி அடைத்தார்கள். அந்த வருஷம் தோட்டத்து ரப்பர் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

தொட்டியைக் கவனிக்க மருதம்மாளை நியமித்தார் கிராணி. சண்டைக்கு முன்னால் ரப்பர் பால் கொட்டாயில் வாளி கழுவியவள் அவள். வாளியில் முந்தின நாள் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் அன்றைய பால் திரிந்துபோகும். கிராணி தம் வாழ்நாளில் பாதியை வாளிகளை முகர்ந்து பார்த்தே கழித்தவர். உலகத்தில் கெட்டுப்போகிற எதுவும் சரியாகக் கழுவாததால்தான் கெடுகிறது என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம்.

"தெனமும் தண்ணியக் கொட்டிட்டு, கண்ணாடி, கல்லு, மணலு எல்லாத்தையும் சாம்பல் போட்டுத் தேய்க்கணும். பால் வாளி மாதிரி பளபளன்னு இருக்கணும்" என்றார், பெரட்டில் எல்லார் காதிலும் விழும்படி. "கெணத்துத் தண்ணி ஆவாது. கழிச்சலுக்குப் பயந்து சுண்ணாம்புத் தூள் கொட்டி வெச்சிருக்கு. ஓடைத் தண்ணிதான். இருளப்பா, இவள கேட்ல மறிக்காத."

மருதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பணிவு என்று கிராணி நினைத்தார். முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் நினைத்தாள்.

ஓடை தோட்டத்து எல்லைக்கு வெளியே இருந்தது. அதற்கு அக்கரையில் பெலுக்கார் புதர்க்காடு. அந்தப் புதருக்குள் அவள் புருஷன் அம்மாசி கிடந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வந்த அன்று பின்பக்கமாக ஓடியவன். குருணில் இருக்கும் அக்காளைப் பார்க்கப் போனவர் திரும்பவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். முதலில் வேலிக்கடியில் நுழைந்து கிழங்கு கொண்டுபோனாள். பிறகு ஆட்கள் ஓடுகிறார்கள் என்று வேலியோரம் காவல் போட்டார்கள். இரண்டு நாளாக அவள் போகவில்லை. அவன் என்ன தின்றானோ தெரியவில்லை. இப்போது கிராணியே கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார், மீனுக்காக.

காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இருபுறமும் மண்ணெண்ணெய் டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு, கேட்டில் காவல் நின்ற கங்காணி இருளப்பனைக் கடந்து நடந்தாள். ஒரு டின்னில் சேம்பிலைக்கு அடியில் அவித்த கிழங்கு இருந்தது. சுங்கைப்பட்டாணிச் சீனன் கடையிலிருந்து வந்த தங்க மீன்கள் அடுத்த நாளே மிதந்தன. "அழுக்கு" என்றார் கிராணி. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அடுத்து வந்தவையும் மிதந்தன. சாம்பலோடு தேங்காய் நாரும் சேர்ந்தது.

"மீனு எப்படி இருக்கு?" என்று அம்மாசி கேட்பான், வாயில் கிழங்கை வைத்துக்கொண்டே.

"செத்துப் போச்சு."

"நல்லதாப் போச்சு. நாளைக்கும் வருவ."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? அது வாயத் தொறந்து தொறந்து மூடுது. பாக்க முடியல."

"நானுந்தான் இங்க வாயத் தொறந்து மூடிக்கிட்டுக் கெடக்கேன். என்னயப் பாரு."

அவள் அவனைப் பார்த்தாள். கழுத்தெலும்புக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கும்போல் இருந்தது.

பிறகு மருதம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தொழிலாளர் லயத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தவளுக்கு, அக்கரையில் ஒருவன் ஓடையையே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. கடைசியாக வந்த மூன்று மீன்கள் கிடந்த தொட்டியை வேறு யாரும் தொடவில்லை. சாகிற மீனுக்குப் பொறுப்பேற்க யாருக்கும் ஆசை இல்லை. பல நாள் கழித்து, நடக்க முடிந்த அன்று முதலில் அக்கரைக்குப் போனாள். அம்மாசி எதையோ வேரோடு பிடுங்கித் தின்று உயிரோடு இருந்தான். அதற்குப் பிறகுதான் பங்களாவுக்கு வந்து தொட்டியைப் பார்த்தாள். கல்லெல்லாம் வழவழவென்று பாசி பூத்திருந்தது. கலங்கித் தெளிந்த தண்ணீரில் மூன்று மீன்களும் வாலை ஆட்டிக்கொண்டு சாவகாசமாகத் திரிந்தன.

கிராணி அவளுக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார். "என் முறை பலிச்சிருச்சு, பாத்தியா?" என்றார். அவருடைய முறை அத்தனை நாளாகப் படுத்துக் கிடந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. "நாளைக்கு ஜப்பான் துவான் வர்றாரு. இனிமே இதுல யாரும் கை வெக்கக் கூடாது. தண்ணியும் வேணாம். ஓடைக்குப் போற சோலி முடிஞ்சிது. நாளையிலருந்து கிழங்குக் காட்டுல எறங்கு."

மருதம்மாள் குனிந்து மீன்களைப் பார்த்தாள். எதைக் கழுவாமல் விட்டதால் இவை பிழைத்தன என்று அவளுக்குப் புரிந்தது. எதைக் கழுவினால் அம்மாசி பிழைப்பான் என்பதும் புரிந்தது.

மதியம் கிராணி துரையின் மெத்தையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது தண்ணீரைக் கொட்டினாள். கல்லைத் தேய்த்தாள். கண்ணாடியைத் தேய்த்தாள். பால் கொட்டாயில்கூட எந்த வாளியையும் அவள் அப்படித் தேய்த்ததில்லை. கிணற்றுத் தண்ணீரையே இறைத்து நிரப்பினாள். மீன்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தை அம்மாசி வீட்டுக்கு வந்த பிறகு நிதானமாகப் பட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தாள்.

மறுநாள் காலையில் கிராணி பஞ்சடைத்த சப்பாத்தோடு கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்த அதே நேரத்தில், வாசலில் அதிகாரியின் கார் நின்றது. மீன்களை எடுத்து மறைக்கக்கூட அவகாசம் இல்லை. கண்ணாடி பளபளத்தது, மேலே மூன்றும் மல்லாந்து கிடந்தன.

குட்டையான மனிதர் அதிகாரி. வாளைக் கழற்றி இருளப்பன் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, தண்ணீரை அள்ளி முகர்ந்தார். கல்லைத் தடவினார். முகம் கறுத்தது. யார் செய்தது என்று அரைகுறை மலாயில் கேட்டார்.

கிழங்குக் காட்டுக்குப் போகாமல் கூடத்து வாசலில் நின்ற மருதம்மாளை நோக்கிக் கிராணியின் விரல் நீண்டது. "இந்தப் பொம்பளதான் துவான்."

மருதம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை. தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், கிராணி சொன்னபடிதான் கழுவினேன் என்றாள். பால் வாளி மாதிரி இருக்க வேண்டும் என்று பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார், கங்காணியும் கேட்டார் என்றாள். பிறகு தமிழில், கிராணியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "இல்லேன்னு சொல்லுங்க பாப்போம், ஐயா."

அதிகாரி இருளப்பனைப் பார்த்தார். கையில் உருவாத வாளோடு நின்ற இருளப்பன், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்வதே பத்திரம் என்று கண்டு தலையாட்டினான்.

அறை விழுந்த வேகத்தில் கிராணியின் வலது கால் சப்பாத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

"ஆயிர் பாரு, இக்கான் மாத்தி" என்றார் அதிகாரி. புதுத் தண்ணீர், மீன் செத்துப்போகும். தண்ணீர் பழகி உயிர்பிடிக்க வேண்டும். ஓடையிலிருந்து சேறும் பாசியும் புழுவும் கொண்டுவந்து போட வேண்டும். பிறகு தம் வீட்டு மீன்களையே அனுப்பிவைப்பார்.

"ஹாரி ஹாரி, துவான்?" தினமுமா என்று கேட்டாள் மருதம்மாள்.

தினமும். இந்தப் பெண்ணை யாரும் தடுக்கக் கூடாது.

அதிகாரியின் மீன்கள் வருவதற்குள் அவரையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் அவர் போட்ட உத்தரவை மாற்றச் சொல்லி யாரும் வரவில்லை. தானாக மாற்றுவதற்குக் கிராணியின் கன்னம் இடம் கொடுக்கவில்லை. மருதம்மாள் தினமும் காண்டாக் கம்போடு கேட்டைக் கடந்தாள். ஒருநாள் இருளப்பன் டின்னுக்குள் குனிந்து சேம்பிலையை விலக்கினான்.

"என்னா இது, அவிச்ச கெழங்கு?"

"புழு புடிக்க எரை, கங்காணியண்ணே."

"இவ்வளவா?"

"துவான் உத்தரவு. வேணும்னா நிறுத்திடறேன். யாராச்சும் வந்து கேட்டா நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு சொல்லிக்கிறேன்."

இருளப்பன் இலையைப் பழையபடி மூடினான். அவள் திரும்பி வரும்போது டின்னில் சேறும் செம்புழுக்களும் நெளிந்தன. பங்களாக் கூடத்தில் கிராணியே எழுந்து வழிவிட்டார். தண்ணீர் தெளிந்து, பாசி தழைத்து, எந்த மீனையும் வாழவைக்கிற பக்குவத்தில் தொட்டி இருந்தது. அவள் புழுக்களைத் தூவினாள். அவை மெல்லக் கீழே இறங்கின.

தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை.