பாதி எரிந்த தகடு

அக்கா செய்துவைத்துப் போன பாலிமர் மணிகளில் கடைசிக் குப்பி அது. குளிர்பெட்டியின் மூலையில், அவள் கையெழுத்தோடு இருந்தது. ஒரே ஒரு தகட்டுக்குத்தான் வரும். அக்கா இறந்துபோய் மூன்று மாதம். அதே ஆய்வகத்தில், அதே மேசையில், இப்போது தங்கை.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த மணிகளைக் கண்ணாடித் தகட்டில் அடுக்கி, இடுக்கெல்லாம் வெள்ளீயக் கரைசலை ஊற்றி, சூளையில் ஐந்நூறு டிகிரிக்கு ஏற்ற வேண்டும். மணிகள் எரிந்து போகும். அவை இருந்த இடம் மட்டும் ஆக்சைடு படலத்தில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். வாயுவை மோப்பம் பிடிக்க அந்த ஓட்டைகள்தான் வேண்டும். நூறு தகடு செய்த கை அவளுடையது. ஆனாலும் அக்காவின் கடைசி மணிகளை எரித்துத் தீர்க்க அன்று மனசு கேட்கவில்லை. முந்நூற்றைம்பதிலேயே சூளையை அணைத்துவிட்டாள். படித்த பெண் செய்கிற காரியமா இது? தகடு தெளியாமல், பழுப்பேறி வெளியே வந்தது.

அதைச் சோதனைப் பெட்டிக்குள் வைத்து மூடி, கம்பிகளை மாட்டினாள். உள்ளே வெறும் காற்றுதான். திரையில் வாயுவைக் காட்டும் கோடு நேராக ஓட வேண்டும். ஓடவில்லை. ஏறியது, இறங்கியது. இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக, பிறகு ஒரு நிறுத்தம். கசிவு என்று நினைத்து வால்வுகளை இறுக்கினாள், கம்பிகளை மாற்றினாள், தன் மூச்சை அடக்கிக்கொண்டுகூடப் பார்த்தாள். இரண்டு குட்டை, ஒரு நீளம், நிறுத்தம். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பதினோரு நாள் உட்கார்ந்து அவள் எண்ணிய மூச்சு அது.

ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். கரி மிச்சம் இருக்கிறது, பெட்டியின் சூட்டுத் தட்டிலேயே ஐந்நூறுக்கு ஏற்றிவிடு, சரியாகிவிடும் என்றார். நாளைக்குச் செய்கிறேன் என்று சமாளித்தாள். அக்கா திரும்பக் கிடைத்துவிட்ட மாதிரி, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள். சாப்பிடக்கூடப் போகாமல் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் நிறுத்தங்கள் நீண்டிருந்தன. ஒவ்வொரு ஏற்றமும் மேலே போக முடியாமல் நடுங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: உள்ளே இருப்பவள் மூச்சுக்குத் திணறுகிறாள். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். அக்கா போதும் என்று ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றுவாள். இவள் அழுதுகொண்டே திரும்ப மாட்டுவாள். பதினோரு நாளும்.

"அக்கா, நான்தான் உன்னைப் பாதியில நிறுத்திட்டேன்," என்றாள். சூட்டைக் கூட்டினாள்.

நானூறில் கோடு படபடத்தது. நானூற்று ஐம்பதில் குமிழைத் திருப்பிச் சூட்டைக் குறைத்துவிடக் கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நானூற்றுத் தொண்ணூறில் ஒரே ஒரு நீளமான ஏற்றம். மெதுவாக இறங்கியது. பிறகு கோடு எழவே இல்லை. தகடு பழுப்பு நீங்கித் தெளிந்தது.

தலைவர் வந்து, "பரவால்லையே, இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு," என்றார். அவள் ஓவென்று அழுதாள். ஒரு தகட்டுக்கா இந்த அழுகை என்று அவர் திகைத்து, தண்ணீர் எடுத்துவர ஓடினார்.