வெள்ளைக் கண்ணாடி

குரு எவ்ராருக்கு அந்த ஜன்னலைக் கண்டாலே ஆகாது.

ஒப்ரிசெல் பேராலயத்தில், குருக்கள் உட்கார்ந்து ஜெபம் பாடும் மண்டபத்தின் தெற்குச் சுவரில் அது நெடுநெடுவென்று நின்றது. எங்கு பார்த்தாலும் நீலம், நடுநடுவே கொஞ்சம் சிவப்பு. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஊர் மீன்காரர்கள் கூடிக் கொடுத்த காணிக்கை. மேலே முழுக்கத் தங்கள் பாதுகாவலர் பேதுருவின் கதையை வைத்துவிட்டு, அடிக்கட்டத்தில் தராசு பிடித்து மீன் நிறுக்கிற ஒரு பெண்ணையும் போட்டுக்கொண்டார்கள். நன்றாகத்தான் கொடுத்தார்கள், வெளிச்சத்தை அடைத்துக் கொடுத்தார்கள் என்று எவ்ரார் மனதுக்குள் கறுவுவார்.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் பித்தளைக் கழுகு நின்றது. அதன் விரித்த இறக்கைகளின்மேல் வேதப் புத்தகம் திறந்திருக்கும். உயிர்ப்புப் பெருநாளில் அங்கே நின்று நற்செய்தி வாசிப்பது பல வருடங்களாக எவ்ராரின் உரிமை. அவர் பெரிய பிரசங்கி அல்ல, படிப்பாளியும் அல்ல. ஆனால் குரல் இருந்தது. அந்த ஒரு நாளில், அந்தக் குரலை ஆண்டவர் எதற்காகத் தந்தார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். மற்ற நாட்களில் அவ்வளவு தெளிவில்லை.

போன கிறிஸ்துமஸில் வாசித்தபோது தடுமாறிவிட்டார். ஒரு வரியை இரண்டு தரம் படித்தார், அடுத்த வரியைப் படிக்கவே இல்லை. போதாததற்கு, மண்டபத்தை மறைத்திருந்த பழைய கல் திரையை அப்போதுதான் இடித்துவிட்டு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். திரை இருந்த காலத்தில் உள்ளே யார் தூங்கினாலும் ஊருக்குத் தெரியாது. இப்போது எல்லாமே தெரிந்தது.

"என்ன எவ்ரார், இடையர்களை வழியிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க?" என்றார் பக்கத்து இருக்கைக் குரு லூபின். "குடில் வரைக்குமாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்."

"நீங்க முழிச்சிருந்தீங்களா? அதுவே பெரிய அதிசயம்."

"ஊரே பாக்குதே ஐயா, எப்படித் தூங்குறது?"

தலைமைக் குரு மொந்தியே சிரிக்கவில்லை. "உயிர்ப்பு நாள்லயும் இப்படி ஆச்சுன்னா லூபின்தான் வாசிக்கணும்," என்றார்.

"இருட்டுல எப்படி வாசிக்கிறது? ரெண்டு வருஷமா சொல்றேன், அந்த ஜன்னலை எடுத்துட்டு வெள்ளைக் கண்ணாடி போடுங்கன்னு. மத்த ஊர்ல எல்லாம் போட்டாச்சு."

அது உண்மைதான். அந்தக் காலத்தில் பழைய பேராலயங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. கூர்வளைவும் வண்ணக் கண்ணாடியும் காட்டுமிராண்டிகளின் வேலை என்றார்கள். ஒப்ரிசெலிலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பலிபீடத்துக்குப் பின்னால் தங்க முலாம் பூசிய சூரியக் கதிர்கள் வைத்தாயிற்று. பாக்கி இருந்தது ஜன்னல்தான். குருக்கள் மன்றம் ஒருவழியாகத் தலையசைத்தது. தவக்காலம் தொடங்கியதும் கண்ணாடிக்காரர் குதார் சாரம் கட்டினார்.

மறுநாள் காலையில் சாரத்தின் அடியில் பெரோன் உட்கார்ந்திருந்தாள்.

மீன் சந்தையில் அவளைத் தெரியாதவர் இல்லை. அகன்ற தோள், அதைவிட அகன்ற வாய். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். தன் தொழில்காரர்கள் கொடுத்த ஜன்னலைத் தொட விடமாட்டேன் என்று கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏணி வைக்க எடம் விடும்மா," என்றார் குதார்.

"என் மடியில வை."

எவ்ராருக்குக் கோபம் தலைக்கேறியது. "பெரோன், இது உன் சந்தை இல்ல. எந்திரி."

"எங்க பொம்பள என்ன பாவம் செஞ்சா சாமி?" அவள் அடிக்கட்டத்தைக் காட்டினாள். "ஐந்நூறு வருஷமா சரியா நிறுத்துட்டு நிக்கறா. ஒரு மீன் குறைச்சுப் போட்டிருப்பாளா?"

"எனக்கு எழுத்துத் தெரியல. வெளிச்சம் வேணும்."

"மெழுகுவத்தி கேளுங்க."

"ஒரு வத்தி கேட்டா மன்றத்துல மூக்கால அழுவுறாங்க!"

"அப்போ அவங்க மூக்கை உடைங்க. எங்க ஜன்னலை ஏன் உடைக்கிறீங்க? நீங்க புஸ்தகத்தைப் பாக்குறீங்க. எழுத்துத் தெரியாத நாங்க எதைப் பாக்கறது?"

எவ்ராருக்குக் கோபம் இன்னும் கூடியது. அன்று மாலையே வேறொரு தொல்லை வந்தது. சந்தைப் பெண்கள் யாரும் குருக்களின் சமையற்கட்டுக்கு மீன் விற்கவில்லை. தவக்காலத்தில் இறைச்சியும் கூடாது. தட்டில் வேகவைத்த பட்டாணியைப் பார்த்துவிட்டு லூபின், "உங்க புண்ணியத்துல உண்மையான தவம் பண்றோம்," என்றார்.

கடைசியில் குதார்தான் வழி கண்டுபிடித்தார். பெரோன் கீழே இருந்தாள். வேலையை மேலிருந்து ஆரம்பித்தார். அவருடைய ஆட்கள் பக்கத்து மாடத்தின் வழியாக ஏறி, மேல் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். துண்டுகளைக் கோத்திருந்த ஈயத்துக்காக வண்ணக் கண்ணாடியைத் தட்டி உடைத்துக் கூடையில் கொட்டினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் பெரோன் கீழே இருந்து திட்டினாள். கொஞ்ச நாளில் திட்டுவதை நிறுத்திவிட்டாள். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிக்கு மேல் வெள்ளையானதும், ஒரு நாள் காலையில் மேகம் விலகியது. வெயில் நேராக வந்து கழுகின்மேல் விழுந்தது. பித்தளை பளபளத்தது. மற்ற குருக்கள் பசியாறப் போயிருந்தார்கள். எவ்ரார் அதற்காகவே காத்திருந்தவர்போலக் கழுகு நின்ற மேடையில் ஏறிப் புத்தகத்தைத் திறந்தார்.

பக்கம் பாலாய்க் கிடந்தது.

அவர் கையால் துடைத்தார். தூசி இல்லை. புத்தகத்தைச் சற்றுத் திருப்பினார். குனிந்து மூக்கு காகிதத்தில் படும் வரைக்கும் போனார். எழுத்துகள் பாலில் விழுந்த எறும்புகளைப்போல மங்கலாக மிதந்தன. எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு புகை. வலது கண்ணை மூடினார். பிறகு இடது கண்ணை மூடினார். அப்புறம் மேலங்கியால் வெயிலை மறைத்துப் பார்த்தார். அந்த நிழலில், பழைய நீலத்தில் தெரிந்த அளவுக்கு, ஒன்றிரண்டு சொற்கள் தெரிந்தன.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தார்.

இறங்கும்போது படி இருந்த இடத்தில் கால் படவில்லை. சாய்ந்தவரைத் தடித்த கை ஒன்று முழங்கையில் பிடித்து நிறுத்தியது. சாரத்தின்மேல் இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"படி வழுக்குது சாமி," என்றாள் பெரோன், அவர்களுக்குக் கேட்கிற மாதிரி. "என் கூடையிலேர்ந்து தண்ணி சொட்டியிருக்கு. நான் தொடைச்சிடறேன்."

அவளிடம் அன்று கூடையே இல்லை. படி காய்ந்துதான் கிடந்தது. அவள் குனிந்து, தன் முன்துணியால் அந்தக் காய்ந்த படியை அழுத்தித் துடைத்தாள்.

எவ்ரார் நேராக மொந்தியேயிடம் போனார். "வேலையை நிறுத்துங்க."

மொந்தியே பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷமா எங்க காதைத் தின்னீங்க."

"தெரியும். நிறுத்துங்க."

"கண்ணாடி வந்து இறங்கிடுச்சு. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. லூபின் தன் ஜெபப் புத்தகத்துல இருக்கற எண்ணெய்க் கறைகூடத் தெரியுதுன்னு சந்தோஷப்படறார். காரணம் என்ன?"

"காரணம்… பழசு. நல்ல வேலைப்பாடு."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

எவ்ராருக்கு இரண்டு பக்கமும் இடி. சொன்னால் வாசிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் கட்டங்களும் கூடைக்குப் போய்விடும். யார்மேலாவது எரிந்து விழ வேண்டும்போல இருந்தது. விழுவதற்கு ஆள் இல்லை.

"ஜன்னல் இல்ல," என்றார் கடைசியில். "என் கண்ணு."

மொந்தியே கடினமான மனிதர்தான், ஆனாலும் எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து எவ்ராருக்குப் பின்னால் போட்டார்.

"உடைச்சதை ஒட்ட வைக்க முடியாது," என்றார். "ஆரம்பிச்ச வேலையைப் பாதியில விடவும் மன்றம் ஒத்துக்காது. அடி வரிசையை மட்டும் விட்டுடச் சொல்றேன். அந்த அம்மா எந்திரிச்சாத்தான் நமக்கு மீன் கிடைக்கும். அப்படிச் சொன்னா எல்லாரும் கை தூக்குவாங்க."

அப்படியே நடந்தது. எல்லோரையும்விட வேகமாகக் கை தூக்கியவர் லூபின்.

உயிர்ப்பு நாளில் லூபின் நற்செய்தி வாசித்தார். தவறில்லாமல் வாசித்தார். எவ்ரார் தன் இருக்கையின் பலகையை மடக்கிவிட்டு, நிற்பவர் சாய்ந்துகொள்ள அதன் அடியில் வைத்திருந்த சிறு முட்டில் சாய்ந்து நின்றார். ஒவ்வொரு சொல்லும் வருவதற்கு முன்பே அவர் உதட்டில் வந்து நின்றது. வெள்ளைக் கண்ணாடி வழியாக வந்த வெயில் முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வழிந்தது; கூச்சத்தால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், பெரோனும் சில சந்தைப் பெண்களும் கம்பிக்கு வெளியே, அடிக்கட்டத்தைப் பார்த்தபடி மண்டியிட்டிருந்ததைக் கண்டு அவர் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பெரோன், தப்பு என் கண்ணுல இருந்தது. ஜன்னல்ல இல்ல."

"படியிலயே தெரிஞ்சுது."

"திட்டணும்னா திட்டு."

"திட்டத்தான் போறேன்," என்றாள் அவள். "உங்க ஒருத்தர் கண்ணுக்காக எங்க எல்லார் கண்ணையும் பிடுங்கிட்டீங்க. இதுக்கு என்ன சொல்லுவீங்க சாமி?"

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு, "மேல என்னென்ன இருந்துச்சு, அதையாவது சொல்லுங்க," என்றாள். "உச்சிக் கட்டமெல்லாம் இங்கேர்ந்து சரியாத் தெரியாது. உள்ள உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியுமில்ல?"

எவ்ராருக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருடம் அந்த ஜன்னலை முறைத்தாரே தவிர, ஒருநாளும் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. உனக்கு எது வரைக்கும் தெரியும்?"

"ஒரு படகு. வலை. அப்புறம் கரையில ஒருத்தர் நெருப்பு மூட்டிட்டு நிப்பார், செவப்பா."

"அது எனக்குத் தெரியும்," என்றார் எவ்ரார். கண்ணை மூடிக்கொண்டார். புத்தகம் தேவைப்படவில்லை. லத்தீனில் அல்ல, சந்தைப் பேச்சிலேயே சொல்லத் தொடங்கினார். இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் கிடைக்காத ஆட்கள். விடியும்போது கரையில் நின்ற ஆண்டவரை யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வலது பக்கம் போடுங்கள் என்றார் அவர். இழுக்க முடியாத அளவுக்கு வலையில் பாரம். நூற்றைம்பத்து மூன்று பெரிய மீன்கள்.

"யாரு எண்ணினது?" என்றாள் ஒருத்தி.

"வரிக்காரனாத்தான் இருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

"சும்மா இருங்கடி," என்று பெரோன் அதட்டினாள். "சொல்லுங்க சாமி. நெருப்புக்கு வாங்க."

எவ்ரார் கண்ணைத் திறந்தார். மேல் கட்டங்களின் வெண்மை சுள்ளென்று குத்தியது. கையால் மறைத்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடினார். பெரோன் எழுந்து, சுவரோரம் கிடந்த வைக்கோல் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டும்படி அதைப் போட்டு, அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இப்ப கூசுதா?"

"இல்ல," என்றார் எவ்ரார். "நெருப்பு எரிஞ்சிட்டு இருந்தது. அதுமேல மீன் வெந்துட்டு இருந்தது. வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டார்."