1702: கோடைப் பனியை அனுப்பியது யார்?

கொரியாவின் வடகோடியில் எங்கள் ஊர். முதல் பனி விழுந்ததும் அதைப் பெட்டியில் அள்ளி அடுத்த வீட்டு வாசலில் வைப்போம். ஏமாந்துபோய் உள்ளே எடுத்தவர், அனுப்பியவருக்கு விருந்து வைக்க வேண்டும்.

1702, நடுக்கோடை. உச்சிவேளையில் வானம் இருண்டு, கருகல் நாற்றம் அடித்தது. மறுநாள் காலையிலும் செம்மஞ்சள் புகை. நீட்டிய கையே தெரியவில்லை. வாசலில் விட்டிருந்த என் பார்லிப் பெட்டி நிறைய வெள்ளையாக ஏதோ கிடந்தது. உள்ளே தூக்கி வந்த பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு போக்சில்! வருஷா வருஷம் என்னை ஏமாற்றுகிறவள்.

"அடியே, கோடையிலயே ஆரம்பிச்சுட்டியா? விருந்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, போடி!" என்று கத்தினேன்.

போக்சில் ஓடி வந்தாள். கையில் அவள் முறம். அதிலும் அதே வெள்ளை.

"நீங்க வச்சதுன்னுல்ல நான் சண்டைக்கு வர்றேன், அக்கா!"

தொட்டுப் பார்த்தேன். குளிரவே இல்லை. அடுப்பருகே வைத்தோம். உருகவும் இல்லை. அது சாம்பல்.

அப்போது காற்று புகையை விலக்கியது. வயல், கூரை, கிணற்றடி எல்லாம் வெள்ளை. மேற்கே, பெக்து மலை இருக்கும் பக்கம், கரும்புகை எழுந்து நின்றது.

போக்சில் குரலைத் தாழ்த்தினாள். "அனுப்புனது அதுதானா? நாம உள்ள எடுத்துட்டோமே, அக்கா. விருந்துக்கு எப்ப வரும்?"