மார்க்ஸ் கார்டு இல்லாத பாஷை

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. ஓய்வுபெற்ற ஒருவரின் கட்டைவிரலை ரேகைக் கருவியில் அழுத்திப் பிடித்து, அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று அரசாங்கத்துக்கு நிரூபித்துக்கொண்டிருந்தபோது வின்னியின் போனில் அந்த மெயில் வந்து விழுந்தது. நவம்பர் மாதம் என்றால் கோலார் பக்கம் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிய அவளுடைய ஆன்லைன் சென்டரில் இதுதான் வேலை. தாங்கள் உயிரோடு இருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போக வாசலில் ஏழெட்டுப் பெரியவர்கள் எப்போதும் காத்திருப்பார்கள். மெயிலை அனுப்பியவள் தேவிகா. தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், வந்ததை அப்படியே தள்ளிவிட்டிருந்தாள். படித்து முடிப்பதற்குள் வின்னி பிடித்திருந்த விரலை மறந்து விட்டுவிட்டாள். பெரியவர் மறுபடி முதலிலிருந்து உயிரோடு இருக்க வேண்டியதாயிற்று.

தேவிகா ஊரிகத்தில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் எம்.ஏ. ஜெர்மன் படிக்கிறாள், இரண்டாம் வருடம். ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் தொழிலாளர்களுக்கு உதவுகிற ஒரு அமைப்பு, பல மொழி தெரிந்த பல்கலைக்கழக மாணவர்களை உலகம் முழுவதிலிருந்தும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கிறது என்று அவளுடைய பேராசிரியர்தான் சொல்லியிருந்தார். போகவர டிக்கெட், தங்க அறை எல்லாம் அவர்களே தருவார்கள். கப்பலில் அடிபட்டுக் கிடப்பவன், வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாதவன், கேப்டனிடம் மாட்டிக்கொண்டவன் யாராவது போன் செய்தால், அவன் பாஷையில் கேட்டு ஜெர்மன்காரருக்குப் புரிய வைக்க வேண்டும். தேவிகா அந்த அறிவிப்பைக் காட்டிய அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை வின்னி இன்னும் மறக்கவில்லை. ஃபாரத்தை நிரப்பியது வின்னிதான். பாஸ்போர்ட்டிலிருந்து ரேஷன் கார்டுவரை இந்தப் பேட்டையில் ஃபாரம் என்று ஒன்று இருந்தால் அது அவள் கை படாமல் போகாது.

மெயிலில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். விண்ணப்பம் பிடித்திருக்கிறதாம். ஆனால் மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் அவர்கள் திண்டாடும் மொழிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் குறைந்தது இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும். தேவிகா குறிப்பிட்ட ஆங்கிலம், ஜெர்மன், கன்னடம், இந்தி நான்கும் பட்டியலில் இல்லை. விடுபட்டிருந்தால் வியாழன் மாலைக்குள் திருத்தி அனுப்பலாம். பட்டியலை வின்னி திறந்தாள். மூன்றாவது வரியில் தமிழ். ஐந்தாவது வரியில் தெலுங்கு.

வின்னியின் கடையில் பதினோரு வருடங்களாக ஒரு சட்டம் அமலில் இருந்தது. மார்க்ஸ் கார்டு இல்லாத எதுவும் ஃபாரத்தில் ஏறாது. கடை திறந்த புதிதில் ஒருவர் டைப்ரைட்டிங் தெரியும் என்று சொல்ல, இவளும் நம்பி எழுதிவிட, காகிதம் எங்கே என்று கேட்டு அவர் வேலைக்கே உலை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேப்பரைக் காட்டு, எழுதுகிறேன் என்பதில் கறாராக இருந்தாள். அவள் அனுப்பிய ஃபாரம் திரும்பியதில்லை என்று மார்க்கெட்டில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஃபாரம் நிரப்பிய அன்றைக்குத் தேவிகா பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"வின்னிக்கா, தமிழ், தெலுங்குலாம் போட வேணாமா?"

"அதுக்கு மார்க்ஸ் கார்டு கீதா?"

"இல்லக்கா."

"அப்போ வுடு."

தேவிகாவும் விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. இந்த ஊரில் பால்காரரிடம் ஒரு பாஷை, ஆட்டோவில் ஒரு பாஷை, தையல் கடையில் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று என்று குழந்தைகள் தெருவில் விளையாடியே நான்கு பேசும். அதைத் தெரிந்த வித்தையாக யாரும் நினைப்பதில்லை. எனக்கு மூச்சு விடத் தெரியும் என்று ஃபாரத்தில் எழுதுவார்களா? பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை எழுதி, பாதி மறந்துபோன இந்திதான் கணக்கில் வந்தது. நாளெல்லாம் வாயில் கிடக்கிற தெலுங்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தேவிகா காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் வின்னிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ, விடுங்கக்கா, நானும்தானே பார்த்தேன் என்று சமாதானம் சொன்னாள். அது வின்னியை இன்னும் சுட்டது. மெயிலோடு வந்த சான்றுப் படிவத்தை இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒருவர் சான்று தர வேண்டும். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவராக, உறவினர் அல்லாதவராக, மாணவியோடு இரண்டு வருடமாவது பேசிப் பழகியவராக இருக்க வேண்டும். தமிழுக்குக் கவலையில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வெங்கடசாமி சார் பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, படிவத்தின் ஆங்கிலத்தில் இருந்த ஒரு தப்பையும் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார். தெலுங்குக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர்தான் இருந்தார். மகள் பிரசவத்துக்குத் திருப்பதி போனவர் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் திரும்ப மாட்டார்.

வின்னி படிவத்தை மூன்றாம் முறையாகப் படித்தாள். டீச்சராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அப்படியே நிமிர்ந்து கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். கடை வாசல் படியில் கீரைக் கூடையோடு நாராயணம்மா உட்கார்ந்திருந்தாள்.

நாராயணம்மா பேத்தமங்களாவிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவள். தேவிகா இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் அம்மா ஷோபாவுக்குக் கார்மென்ட்ஸில் இரண்டாவது ஷிஃப்ட். பள்ளிக்கூடம் விட்டதும் பெண் நேராக இந்தக் கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏழு மணிக்கு அப்பா பெருமாள் வந்து கூட்டிப் போகும்வரை கீரை ஆய்வதும் தெலுங்கில் வம்பு பேசுவதும்தான். ஐந்து வருடம் அப்படிப் போயிற்று. இன்றைக்கும் லீவு நாளில் இரண்டும் கொத்தமல்லிக் கட்டின் பருமனுக்காகப் போடும் சண்டையை வின்னி உள்ளே இருந்தபடியே கேட்டுச் சிரிப்பாள்.

சான்று என்று சொன்னதும் நாராயணம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். சித்தப்பா மகன் நிலத் தகராறில் ஒருமுறை சாட்சியாகக் கைநாட்டு வைத்தவளை, மூன்று வருடம் கோலார் கோர்ட்டுக்கு அலைய விட்டிருந்தார்கள். வாய்தா நாளில் விற்காமல் வாடிப்போன கீரையை எல்லாம் அவள் இன்னும் மனசில் வைத்திருந்தாள். இது கோர்ட் இல்லை, ஜெர்மனி என்று வின்னி எடுத்துச் சொன்னாள். அது இன்னும் தூரம் என்றுதான் அவளுக்குப் பட்டது. பெண்ணுக்காக உயிரைக்கூடக் கொடுப்பேன், கைநாட்டு மட்டும் கேட்காதே என்றாள். தேவிகா வின்னியின் தோளைத் தொட்டு, வேண்டாம், அவங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

நாராயணம்மா அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வின்னியிடம் தமிழில் கேட்டாள்.

"நான் கை வெக்கலன்னா பொண்ணு போவ முடியாதா?"

சுற்றி வளைக்க வின்னிக்கு எத்தனையோ வழி இருந்தது. வாசலில் காத்திருந்த பெரியவர்கள் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடியாது. தப்பு அவளுது இல்ல. நான் பண்ண தப்பு."

பதினோரு வருடத்தில் அந்தக் கடை வாசலில் யாரும் கேட்காத வாக்கியம் அது. நாராயணம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள், எழுந்து உள்ளே வந்தாள், மை டப்பா எங்கே என்றாள். கட்டைவிரலின் தோல் கீரை நறுக்கிய வெட்டுகளால் கோடு கோடாகப் பிளந்திருந்ததால் ரேகையை இரண்டு தடவை பதிக்க வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் சான்று தருபவரின் கல்வித் தகுதி என்று கேட்டிருந்தார்கள். வின்னி சிறிது நேரம் விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தபடி இருந்தாள். அப்புறம் படிப்பு இல்லை, ஐம்பத்தாறு வருடங்களாகப் பேசி வருகிறார் என்று ஆங்கிலத்தில் அடித்தாள். காகிதம் இல்லாத விஷயத்தைத் தானே எழுதியதில் அவளுக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை பதில் வந்தது. தமிழுக்கு மறுகேள்வி இல்லை. தெலுங்குச் சான்று தந்த அம்மாவிடம் தெலுங்கு தெரிந்த எங்கள் சக ஊழியர் வெள்ளிக்கிழமை வீடியோவில் பத்து நிமிடம் பேச விரும்புகிறார், மாணவி அருகில் இருக்கக் கூடாது, இந்தியாவில் அப்போது மதியம் இரண்டரை மணி. விஷயத்தைச் சொன்னதும், கைநாட்டு வைத்தால் கூப்பிடாமல் விடுவார்களா என்றாள் நாராயணம்மா. ஆனாலும் மறுநாள் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

கீரைக் கூடையைக் காவல் காக்கத் தேவிகாவைப் படியில் உட்கார வைத்துவிட்டு, வின்னி கதவைச் சாத்தினாள். திரையில் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர் வந்தார். பெயர் சூரிபாபு, காக்கிநாடா பக்கம், பதினெட்டு வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்து இப்போது இந்த அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது என்று வின்னிக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். அவருடைய தெலுங்கு, செய்தி வாசிப்பதுபோல நேராக இருந்தது. நாராயணம்மாவின் தெலுங்கில் பாதிக்குப் பாதி கன்னடமும் தமிழும் கலந்து கிடந்தன. இரண்டு முறை அவர் மறுபடி சொல்லச் சொன்னார். இது என்ன தெலுங்கு, இந்தச் சான்று செல்லாது என்று சொல்லிவிட்டால்? வின்னி மேஜைக்குக் கீழே புடவை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

எத்தனை வருடமாகப் பழக்கம், எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, தாளைப் பார்த்துக் கடைசிக் கேள்விக்கு வந்தார். எங்களுக்குப் போன் செய்பவர்கள் பலர் அழுதுகொண்டே பேசுவார்கள். கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டியும் வரும். அந்தப் பெண்ணால் முடியுமா?

நாராயணம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். அவள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"போன வருசம் என் வூட்டுக்காரரு கோலார் ஆஸ்பத்திரில கெடந்தாரு. டாக்டரு இங்கிலீசுல பேசறாரு. எம் பையன் எல்லாம் சரியாப் பூடும்னு பூசி மொழுவுனான். இந்தப் பொண்ணுதான் டாக்டரு சொன்னத சொன்னபடி என் பாஷைல சொல்லிச்சி. சாயங்காலம் வரிக்கும்தான் தாங்கும்னு சொல்லிச்சி. கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. அதனாலதான் நான் அவரு கைய புடிச்சிக்கினு அங்கியே ஒக்காந்தேன். இல்லன்னா கீர வாடுதேன்னு மார்க்கெட்டுக்கு வந்துட்டிருப்பேன்."

வின்னிக்கு இது தெரியாது. அந்த வாரம் தேவிகா பரீட்சை நேரத்தில் இரண்டு நாள் காலேஜுக்குப் போகவில்லை, அதை மட்டும் கேட்டுக் கடிந்துகொண்டது நினைவில் இருந்தது. திரையில் சூரிபாபு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வேறு கேள்வி இல்லை, இன்னும் நாற்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, முடிவை எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை அனுப்புவார்கள் என்றார். அதோடு வணக்கம் சொல்லிப் போயிருக்க வேண்டியவர், போகவில்லை. குரலில் செய்தி வாசிப்பு போய்விட்டிருந்தது. அம்மா, கூடையில் இன்றைக்கு என்ன கீரை இருக்கிறது என்று கேட்டார்.

இரு என்று சொல்லிவிட்டு நாராயணம்மா எழுந்து வெளியே போனாள். படியில் இருந்த தேவிகா பதறி எழுந்து, முடிந்ததா, என்ன சொன்னார் என்று கேட்டாள். இன்னும் இல்லை, நகரு என்று அவளைத் தள்ளிவிட்டு, கூடையிலிருந்து கைக்கு வந்த கட்டுகளை எல்லாம் மார்போடு அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். அரைக்கீரை, புளிச்சகீரை, பருப்புக்கீரை, காலையில் பறித்த முருங்கை. ஒவ்வொன்றாகத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தன் ஊரில் என்ன சேர்த்து வதக்குவார்கள் என்று சொன்னார். பூண்டு போடாமலா என்று இவள் அதட்டினாள். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. வின்னி கடிகாரத்தைப் பார்த்தாள். மனசு லேசாகிவிட்டிருந்தது.

கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டவைத்துத் தேவிகா உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டவே, வின்னி கீபோர்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேரைக் காட்டுங்கள் அம்மா, மண்ணோடு கீரையைப் பார்த்து ரொம்ப வருடமாகிறது என்றார் சூரிபாபு. நாராயணம்மா கட்டைத் தலைகீழாகத் திருப்பி, மண் ஒட்டிய வேர்களைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். அவர் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தார், திரை முழுக்க அந்த முகம்தான் இருந்தது.